ஓட்டுநர் இல்லாத மெட்ரோ: காட்டுப்பாக்கத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

புறநகர் ரயிலின் சிக்னல் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு காட்டுப்பாக்கத்தில். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்ததிலிருந்து, பால் வாங்கப் போனாலும் சலூனில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இந்த ரயிலைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நிஜமாகவே ஓட்டுநர் இல்லையா? சென்னையில் எல்லா மெட்ரோவும் இனி அப்படித்தானா?

எல்லாம் இல்லை. விமான நிலையம், சென்ட்ரல், பரங்கிமலை, விம்கோ நகர் என்று முதல் கட்டத்தில் ஓடும் ரயில்களில் ஓட்டுநர் உண்டு. ஆள் இல்லாமல் ஓடும்படி கட்டப்படுவது இரண்டாம் கட்டம்தான். அதில் மூன்று வழித்தடங்கள்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். மொத்தம் 118.9 கிலோமீட்டர், செலவு 63,246 கோடி ரூபாய். எங்கள் பக்கம் வருவது நடுவில் சொன்ன 26 கிலோமீட்டர் தடம். ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை ஆற்காடு சாலையில் ஒரே தூண் வரிசைமேல் இரண்டு அடுக்காகப் பாலம் போகிறதே, அதில் ஓர் அடுக்கு இந்தத் தடம், இன்னொன்று சோழிங்கநல்லூர் தடம்.

இந்தத் தடத்துக்கான ரயில்களை அல்ஸ்டாம் நிறுவனம் தடா பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் செய்கிறது. முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி டிப்போவுக்கு வந்து சேர்ந்தது. 2025 மார்ச் 20-ஆம் தேதி முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. சோதனை ஓட்டங்களில் முன்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லைன்னு சொன்னீங்களே சார்" என்று கேட்டவர்கள் உண்டு. சோதனையின்போது ஆள் இருக்கத்தான் வேண்டும். தண்டவாளம், மின்கம்பி, பிரேக் என்று ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே கம்ப்யூட்டரிடம் கொடுப்பார்கள்.

இப்போது ஓடும் மெட்ரோவில் ஓட்டுநர் என்னதான் செய்கிறார்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு, நாம் நினைக்காத வேறு சில வேலைகள் அதிகம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததுவரை வேகம் எடுப்பது, குறைப்பது, நடைமேடைக் கதவுக்கு நேராக நிறுத்துவது எல்லாம் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலைதான். ஓட்டுநர் கதவை மூடிவிட்டு, எல்லாம் சரி என்று பார்த்து, கிளம்பச் சொல்லி பட்டனை அழுத்துவார். லண்டன் விக்டோரியா தடத்தில் 1968-இலேயே இந்த முறை வந்துவிட்டது.

உலக அளவில் இதைப் படிப்படியாக எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஆளே செய்வது அடிப்படி. இப்போதைய சென்னை மெட்ரோ போல ஓட்டம் தானாகவும் கதவும் கண்காணிப்பும் ஆளிடமும் இருப்பது இரண்டாம் நிலை. முன்னால் ஓட்டுநர் இல்லாமல், ரயிலுக்குள் ஓர் ஊழியர் மட்டும் இருப்பது மூன்றாம் நிலை. யாருமே இருக்கத் தேவையில்லாதது நான்காம் நிலை. நமக்கு வரப்போவது இந்த நான்காவது.

இரண்டிலிருந்து நான்குக்குப் போவதில் உண்மையான சிரமம் ரயிலை ஓட்டுவதில் இல்லை. ஓட்டுநரின் கண், காது, மூக்கு செய்த வேலைகளை யார் செய்வது என்பதில்தான் இருக்கிறது. புகை வாசனை வந்தால் அவருக்குத் தெரியும். சக்கரத்தில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால் தெரியும். நடைமேடையில் ஒரு பெரியவர் தடுமாறினால் தெரியும். இதற்கெல்லாம் ஒவ்வொரு கருவியாக வைத்தாக வேண்டும்.

முன்னால் இன்னொரு ரயில் நிற்பது இந்த ரயிலுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் காலத்து முறையை முதலில் சொன்னால்தான் புதியது புரியும். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சின்ன அளவில் மின்சாரம் விடுவோம். அந்த மின்சாரம் ரிலே ரூமில் இருக்கும் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் அந்தத் துண்டுக்குள் வந்ததும் மின்சாரம் சக்கரம் வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். ரிலேக்கு வர வேண்டியது வராது. அது தன் எடையாலேயே "டக்" என்று கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். இரவு ஷிஃப்டில் ரிலே ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தால், அந்த டக் டக் சத்தத்தை வைத்தே ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும். வயர் அறுந்தாலும், கரண்ட் போனாலும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி மின்சாரம் கசிந்தாலும் விழும். எந்தக் கோளாறு வந்தாலும் முடிவு சிவப்புதான். மழைக்காலத்தில் "சிக்னல் கோளாறு, ரயில் தாமதம்" என்று கேட்டு எல்லோரும் எரிச்சல்படுவோம். ஆனால் அந்தத் தாமதம், தெரியாதபோது நில் என்று அந்த அமைப்பு எடுத்த முடிவு.

இரண்டாம் கட்டத்துக்கு ஹிட்டாச்சி நிறுவனம் கொடுக்கும் முறையில் இந்த வேலையை ரேடியோ செய்கிறது. தண்டவாளத்துக்கு நடுவே குறிப்பிட்ட இடங்களில் அடையாளப் பட்டைகள் இருக்கும். அதைத் தாண்டும்போது, தான் எங்கே இருக்கிறோம் என்பது ரயிலுக்குச் சரியாகத் தெரிந்துவிடும். அடுத்த பட்டை வரும்வரை சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அந்தக் கணக்கை விடாமல் ரேடியோவில் தரைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டர் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா ரயில்களையும் பார்த்து, "நீ இதுவரை போகலாம், இதற்குமேல் கூடாது" என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை சொல்லும். முன்னால் போகும் ரயில் நகர நகர அந்த எல்லையும் நகரும். துண்டு துண்டாகப் பிரித்த பழைய முறையில் ஒரு துண்டு முழுவதும் காலியானால்தான் அடுத்த ரயில் உள்ளே வரலாம். இதில் அப்படிக் காத்திருக்க வேண்டாம், அதனால் ரயில்களை நெருக்கமாக விட முடிகிறது.

ரேடியோ தொடர்பு போனால்? கொடுத்த எல்லைக்குள் ரயில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டால்? இந்த மாதிரி பாதுகாப்பு வேலைகளுக்கு ஒரே கம்ப்யூட்டரை நம்பி விடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும், விடைகள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பிரேக். நாங்கள் ரிலேயின் எடையை நம்பினோம். இவர்கள் இரண்டு விடையின் ஒப்புதலை நம்புகிறார்கள். நியாயம் ஒன்றேதான்.

காலையில் ரயிலை யார் ஸ்டார்ட் செய்வார்கள்?

அதுவும் தானாகத்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கட்டளை போனதும் டிப்போவில் தூங்கும் ரயில் விழித்துக்கொள்ளும். விளக்கு எரியும், பிரேக் ஒருமுறை பிடித்து விடும், கதவுகள் திறந்து மூடும், ஹாரன் சோதனையும் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று பதில் வந்தால்தான் வெளியே கிளம்பலாம். ஒன்று தவறினாலும் அந்த ரயில் அங்கேயே நிற்கும், வேறொன்று கிளம்பும். விடியற்காலையில் ஆளே இல்லாத ஷெட்டில் வரிசையாக ரயில்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்வதை மனதில் நினைத்துப் பாருங்கள். எனக்கு அதை நேரில் பார்க்க ஆசை.

உலகத்தில் வேறு எங்கே இப்படி ஓடுகிறது?

நம்மவர்களில் பலர் ஏற்கெனவே இதில் போயிருக்கிறார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறியிருந்தால், அந்த வடகிழக்குத் தடம் 2003-இல் தொடங்கிய நாளிலிருந்து ஆளில்லாமல் ஓடுவது. கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரலிலிருந்து இரட்டைக் கோபுரத்துக்குப் போயிருந்தால் அதுவும் அப்படியே. துபாயில் 2009-இலிருந்து. இதற்கெல்லாம் முன்னோடி ஜப்பானின் கோபே நகரில் 1981-இல் வந்த சின்ன ரயில், அப்புறம் பிரான்சின் லீல் நகரில் 1983-இல் வந்த மெட்ரோ. பாரிசில் 1900-ஆம் ஆண்டின் முதலாம் தடத்தையே, மக்கள் பயணம் செய்துகொண்டிருக்கும்போதே, 2012-க்குள் முழுக்க ஆளில்லாததாக மாற்றிவிட்டார்கள். இந்தியாவில் முதலில் தில்லி மெஜந்தா தடம், 2020 டிசம்பர் 28.

விபத்தே நடந்ததில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

நடந்திருக்கிறது. மறைப்பதால் யாருக்கும் நம்பிக்கை வராது.

2021 மே 24 இரவு, மேலே சொன்ன கோலாலம்பூர் தடத்தில் சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. பயணிகள் 213 பேருக்குக் காயம். அதில் தானாக ஓடிய ரயிலில்தான் பயணிகள் இருந்தார்கள். கோளாறான இன்னொரு காலி ரயிலை ஆள் ஓட்டி வந்தார், அது தவறான திசையில் வந்து மோதியது. தில்லியில் மெஜந்தா தடம் முதலில் ஓட்டுநரோடு திறக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு, 2017 டிசம்பர் 19-இல், காளிந்தி குஞ்ச் டிப்போவில் ஒரு ரயில் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிரேக்கைச் சரியாகப் பார்க்காமல் நகர்த்தியதுதான் அங்கே நடந்தது. இரண்டிலும் ஒரே பாடம் தெரிகிறது: தானியங்கி முறையிலிருந்து ஆளின் கைக்கு மாறும் நேரம்தான் அபாயமான நேரம். கோளாறு வந்த அந்தப் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும், யார் யாரிடம் கேட்க வேண்டும் என்ற பயிற்சி பழகிப் பழகிக் கைவர வேண்டும்.

ஆனால் இயந்திரத்தின் மேலேயே தவறு இருந்த விபத்தும் உண்டு. யோகோஹாமாவில் 2019 ஜூன் 1-ஆம் தேதி, ஆளில்லா ரயில் ஒன்று முனைய நிலையத்திலிருந்து முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போய்த் தடுப்பில் மோதியது. பத்துப் பேருக்கு மேல் காயம். காரணம் ஒரு வயர். எந்தத் திசையில் போக வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும் வயர் அறுந்திருந்தது. திசை மாற்றச் சொன்ன கட்டளை மோட்டாரைச் சேரவில்லை, மோட்டார் பழைய திசையிலேயே ஓடியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வயர் அறுந்தால் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அந்த ஒரு இடத்தில் அந்தப் பாடம் விடுபட்டிருந்தது. கதவு, கேமரா, ரேடியோ என்று ஒவ்வொன்றிலும் "இது அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

புடவையோ துப்பட்டாவோ கதவில் மாட்டினால்? பார்க்க ஆள் இல்லையே!

எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் தில்லி இந்தர்லோக் நிலையத்தில் ஒரு பெண்ணின் உடை ரயில் கதவில் சிக்கி, அவர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அந்த ரயிலில் ஓட்டுநர் இருந்தார். எனவே ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது.

ரயில் கதவின் விளிம்பில் இருக்கும் உணர்கருவி கை, பை மாதிரி கனமான பொருளைக் கண்டுபிடித்துவிடும், கதவு மறுபடி திறக்கும். மெல்லிய துணிதான் அதற்குச் சவால். ஷிஃபான் முந்தானை கதவு ரப்பருக்குள் காகிதம் மாதிரி உட்கார்ந்துவிடும். இதற்குத்தான் நடைமேடைக் கதவு முக்கியம். முதல் கட்டத்தில் சுரங்க நிலையங்களில் மட்டும் இந்தக் கண்ணாடிக் கதவுகளைப் பார்க்கிறோம். ஆளில்லாத் தடத்தில் மேம்பால நிலையங்களிலும் இடுப்பு, மார்பு உயரத்துக்காவது கதவு வேண்டும். ரயில் கதவு, நடைமேடைக் கதவு இரண்டும் பூட்டிக்கொண்டன என்ற செய்தி வந்தால்தான் ரயில் கிளம்பும்.

அப்படியும் இடையில் ஓர் இடைவெளி மிச்சம் இருக்கிறது. ஷாங்காய் நகரின் பதினைந்தாம் தடத்தில், 2022 ஜனவரியில், வயதான ஒரு பெண் ரயில் கதவுக்கும் நடைமேடைக் கதவுக்கும் நடுவில் மாட்டி உயிரிழந்தார். இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் நிற்க முடியாதபடி இடத்தைக் குறுக்குவது, அந்த இடத்தைப் பார்க்கும் உணர்கருவி வைப்பது, இரண்டுமே வேண்டும். அதோடு, நெரிசல் நேரத்தில் நடைமேடையில் ஓர் ஊழியர் நிற்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மயிலாப்பூர் தேருக்குக் கூட்டம் வரும் பங்குனியில், திருமயிலை நிலையத்தில் ஒருவர் போதாது, நான்கு பேர் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கதவு மூடும் சத்தம் கேட்ட பிறகு ஓடி ஏறாதீர்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் முன்பக்கம் எடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் ஏதாவது கிடந்தால்?

ரயிலின் முன்பக்கத்தில், தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். அதில் எதாவது மோதினால் உடனே அவசர பிரேக் பிடிக்கும். மோதிய பிறகுதான் தெரியும் என்பதால், முதல் பாதுகாப்பு எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான். பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மேலே ஓடுவது 25,000 வோல்ட்.

நடுவழியில் நின்றுவிட்டால், கரண்ட் போனால்?

விளக்கும் காற்றும் கொஞ்ச நேரத்துக்கு பேட்டரியில் ஓடும். பெட்டியில் இருக்கும் அவசரப் பேச்சுக் கருவியை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பேசுவார், அந்த இடத்தின் கேமராப் படமும் அவருக்குத் தெரியும். பேசும்போது கதவுக்குமேல் அல்லது பக்கத்தில் எழுதியிருக்கும் பெட்டி எண்ணைச் சொல்லுங்கள். நாமாகக் கதவைத் திறந்து இறங்கவே கூடாது, பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலிலும் ஆள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மின்சாரத்தையும் ரயிலையும் நிறுத்திவிட்டுத்தான் இறங்கச் சொல்வார்கள்.

புதிய தடங்களில் தொடக்கத்தில் ஒரு ஊழியர் ரயிலுக்குள்ளேயே இருப்பது வழக்கம். தில்லியிலும் அப்படித்தான் செய்தார்கள். மக்கள் பழகும்வரை அந்த ஆளை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது.

யாராவது ஹேக் செய்துவிட்டால்?

ரயிலை ஓட்டும் வலைப்பின்னல் நம் வீட்டு இன்டர்நெட்டோடு சேர்ந்தது கிடையாது, தனி. உள்ளே தப்பான செய்தி வந்தாலும், அது சரியான இடத்திலிருந்து வந்ததா என்று சோதித்த பிறகே ஏற்கும். ஏற்க முடியாவிட்டால் ரயில் நிற்கும். நிறுத்தித் தொல்லை தர முடியும், மோத வைப்பது மிகக் கடினம்.

மூன்றே பெட்டியா? கூட்டம் தாங்குமா?

முதல் கட்டத்தில் நான்கு பெட்டி, இதில் மூன்று. பெட்டியைக் குறைத்து, அடுத்தடுத்து ரயில் விடலாம் என்பது கணக்கு. ஆளில்லா ஓட்டத்தின் உண்மையான லாபம் இங்கேதான். ஏதாவது திருவிழா முடிந்து கூட்டம் வந்தால், ஓட்டுநரைத் தேடாமல் இன்னொரு ரயிலை உடனே கிளப்பலாம். கணக்கு சரியாக வர வேண்டுமென்றால் ரயில்களின் எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு மூன்று பெட்டி ரயில் என்றால் போரூர்க் கூட்டத்துக்குப் போதவே போதாது.

ஓட்டுநர் சம்பளம் மிச்சமாகுதே, டிக்கெட் குறையுமா?

குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் நிறையச் செலவாகும்.

அப்போ ஓட்டுநர் வேலை போய்விடுமா?

என்னிடம் இதைக் கேட்டது டிப்ளமோ படிக்கும் ஒரு பெண். 2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே சென்னையின் முதல் மெட்ரோவை ஓட்டியது ஒரு பெண்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இவளுக்கு இந்த ஆசையே வந்தது. அதனால் அவளிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முன்னால் உட்கார்ந்து ஓட்டும் வேலை புதிய தடங்களில் குறையும், அது உண்மை. முதல் கட்டத்தில் அந்த வேலை தொடரும். புதிய தடங்களில் வரும் வேலைகள் வேறு: கட்டுப்பாட்டு அறையில் பத்துப் பதினைந்து ரயில்களை ஒரே நேரத்தில் பார்ப்பவர், நடைமேடைக் கதவு பராமரிப்பவர், சிக்னல் கருவி பார்ப்பவர், கோளாறான ரயிலில் ஏறி, ஓட்டும் கருவிகளின் மேல் இருக்கும் மூடியைத் திறந்து, கையால் ஓட்டி டிப்போவுக்குக் கொண்டுபோகிறவர். கடைசியாகச் சொன்னவருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஓட்டாதவர் அவசரத்தில் சரியாக ஓட்ட வேண்டும் என்றால் எவ்வளவு பயிற்சி வேண்டும், யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரில் நடந்ததை அவளுக்கு முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த வேலைக்கே போறேன் சார்" என்றாள்.

யார் பார்த்து அனுமதி கொடுப்பார்கள்?

மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர். அதற்கு முன் வேக ஓட்டம், அதிர்வு, பிரேக் என்று பல சோதனைகள் நடக்கும். இந்தியாவில் ஆளில்லா ஓட்டத்துக்கு முதலில் விதியே இடம் தரவில்லை. 2020-இல் விதிகளை மாற்றிய பிறகுதான் தில்லியிலேயே தொடங்க முடிந்தது. தேதி சொல்லிவிட்டார்கள் என்பதற்காக இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடச் சுருக்கக் கூடாது. ஒரு மாதம் தாமதமானால் நான் குறை சொல்ல மாட்டேன்.

"தாத்தா, முன்னாடி கண்ணாடிகிட்ட நின்னு பார்க்கலாமா?"

இது என் பேத்தி. ஒன்றாம் வகுப்பு. கோபன்ஹேகனில் ஓட்டுநர் அறையே கிடையாது, முன் கண்ணாடி பயணிகளுக்குத்தான், பிள்ளைகள் அங்கே போய் ஒட்டிக்கொள்வார்கள். தில்லியில் தொடக்கத்தில் ஓட்டுநர் அறைத் தடுப்பை அப்படியே வைத்திருந்தார்கள். இங்கே தடுப்பு இருந்தால், அதன் பக்கத்தில் முதல் பெட்டியின் முதல் சன்னல் நமக்கு என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். காட்டுப்பாக்கத்தில் ஏறினால் குமணன்சாவடி வளைவில் நம் வீட்டு மொட்டைமாடி தெரியுமா என்று கேட்டாள். தெரியும் கண்ணு, சிவப்பு பக்கெட் வைத்த மாடிதான் நம்முடையது என்றேன். அன்றிலிருந்து அந்த பக்கெட்டை யாரையும் எடுக்க விடுவதில்லை.